எழுந்து நிற்கச் சொல்வதற்கு முன்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,



டிசம்பர் 10 காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை நீட்டி மனித உரிமை நாள் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைக்கில் ஒருவர் இரண்டு சொல் வாசிக்க, பின்னாலேயே முந்நூறு குரல்கள் இழுத்துக்கொண்டு வரும். முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம், நின்று பேச யாருக்கும் பொழுதிருக்காது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவன் நான். அந்தத் தேதி மனித உரிமைப் பிரகடனம் பாரிசில் நிறைவேறிய நாள்; அதற்கு முந்தைய நாள், 1948 டிசம்பர் 9 அன்று, அதே ஊரில் அதே ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது என்பது ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒரு நாள் மூத்தது அது. தம்பியைப் பற்றி வருஷா வருஷம் உறுதிமொழி எடுக்கிறோம், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரிவாளோடு போனவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள், காரணம் சாதி. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அதற்குப் பிறகு நம்மில் பலருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற துடிப்பு வந்திருக்கிறது. ஹிட்லர் காலத்து வதைமுகாம் படங்களை ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டி நல்லிணக்கம் சொல்லித்தருவதாகச் சிலர் என்னிடம் சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஏனென்றால் அதையே நானும் செய்தேன். ஏழாம் வகுப்புக்குப் பிணக்குவியல் படம் காட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அவன் கெட்ட பையன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத பன்னிரண்டு வயசுச் சிரிப்பு அது. மறுவாரம் கழிவறைச் சுவரில் கரியால் வரைந்த ஸ்வஸ்திகா இருந்தது, கோயில் வாசலில் போடுவது அல்ல, சாய்த்துப் போட்ட நாஜிச் சின்னம். பூட்ஸ், சீருடை, அணிவகுப்பு எல்லாம் பையன்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. செத்தவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் செத்த பிறகுதான் நான் அறிமுகப்படுத்தினேன். உயிரோடிருந்தபோது அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பள்ளிக்குப் போனார்கள், வீட்டில் நாய் வளர்த்தார்களா என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அடுத்த தவறு எண்ணிக்கை. 60 லட்சம் யூதர்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடிக்கோடிட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் விட்வெல் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. 1,600 பேர் வசிக்கும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளைக்காரக் கிறித்தவர்கள். அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் 1998இல் இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது, அறுபது லட்சம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரி, ஜெம் கிளிப்பாகச் சேர்த்துப் பார்ப்போம் என்று முடிவானது. நாஜிகள் நார்வேயைப் பிடித்திருந்த காலத்தில் அந்நாட்டு மக்கள் எதிர்ப்பின் அடையாளமாக ஜெம் கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்டார்களாம், அதனால் அந்தத் தேர்வு. உலகெங்குமிருந்து கோடிக்கணக்கில் கிளிப் வந்து குவிந்தது. ஜெர்மனியிலிருந்து அந்தக் காலத்துச் சரக்கு ரயில் பெட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் ஒரு கோடியே பத்து லட்சம் கிளிப்புகளை வைத்து 2001இல் நினைவிடமாக்கினார்கள். பின்னர் அது ஆவணப்படமாகவும் வந்தது.

நல்ல வேலை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. குவியலைப் புரியவைக்க இன்னொரு குவியலா? என் பிள்ளைகளுக்கு வேறு கணக்குக் கொடுத்தேன். ஒரு நொடிக்கு ஒருவர் பெயர் என்று வாசித்தால் 60 லட்சம் பெயரை முடிக்க எவ்வளவு நேரம்? ஒரு லட்சம் நிமிஷம் என்று வந்தது. நாற்பது நிமிஷப் பீரியடாக வகுத்தால் 2,500 பீரியடு. ஒரு நாளைக்கு எட்டுப் பீரியடு. 312 நாள் தாண்டியது. ஒரு கல்வியாண்டு முழுக்க வேறு பாடமே நடத்தாமல் பெயர் மட்டும் வாசித்தாலும் முடியாது என்று தெரிந்தபோது வகுப்பு கொஞ்சம் அடங்கியது. கணக்கு சாருக்கு நன்றி சொன்னேன், வகுத்தல் பழகியிருந்தார்கள்.

பிணத்திலிருந்து தொடங்காதீர்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவது? பெஞ்சிலிருந்து. பெர்லினில் ஷோனெபெர்க் பகுதியில் பவேரியன் குவார்ட்டர் என்றொரு பேட்டை. ஒருகாலத்தில் யூதர்கள் நிறைய வாழ்ந்த இடம். 1993இல் ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இரண்டு கலைஞர்கள் அங்கே தெருவிளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எளிய படம். மறுபக்கம் நாஜி ஆட்சி போட்ட ஒரு தடையும் அதன் தேதியும். அங்கே பிணம் இல்லை, முள்வேலி இல்லை. யூதர்கள் மஞ்சள் குறியிட்ட பெஞ்சில்தான் உட்காரலாம். யூதப் பிள்ளைகள் இனி அரசுப் பள்ளிக்கு வரக் கூடாது, 1938. மாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மட்டுமே மளிகை வாங்கலாம், 1940. வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது, 1942.

இதை வரிசையாகச் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்: "அந்த நாயையெல்லாம் யாரு சார் எடுத்துக்கிட்டாங்க?"

நல்ல கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. டிரெஸ்டன் நகரத்தில் விக்டர் கிளெம்பெரர் என்ற பேராசிரியர் இருந்தார். யூதர் என்பதால் 1935இலேயே வேலை போயிற்று. மனைவி எவா யூதர் இல்லை என்பதால் மட்டும் முகாமுக்கு அனுப்பப்படாமல் தப்பித்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் நடந்ததை ஒளித்து ஒளித்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர்கள் வீட்டில் முஷெல் என்று ஒரு ஆண்பூனை இருந்தது. தடை வந்தபோது அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகவும் அனுமதியில்லை. அதிகாரிகள் வந்து பிடித்துப் போய்க் கொல்வதற்கு முன்னால், கணவனும் மனைவியும் தாங்களே அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் சாகவைத்தார்கள்.

அன்றைக்கு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பூனைக்கு என்ன சாதி என்று யாரோ கேட்டார்கள், அதுவும் கேலியாக இல்லை. பூனையை வைத்துக்கொள்வதால் யாருக்கு என்ன நஷ்டம், எதற்காக ஒரு அரசாங்கம் உட்கார்ந்து இதற்குக்கூட ஆணை போடுகிறது என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். எந்த ஆணை வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் 'இது சரியில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். பெஞ்சுக்கே என்றாள் ஒருத்தி. பெஞ்சுக்காகவெல்லாம் யாராவது ஜெயிலுக்குப் போவாங்களா என்றான் இன்னொருத்தன். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. முப்பது வருஷத்தில் எனக்கு வாய்த்த சிறந்த பீரியடுகளில் அது ஒன்று.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமையானதல்ல. உதவித்தொகைப் பட்டியலுக்காக அலுவலகத்திலிருந்து அவசரமாக எண்ணிக்கை கேட்பார்கள், உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு வருஷம் பதிவேட்டைப் புரட்டச் சோம்பல்பட்டு வகுப்பிலேயே கேட்டேன். "எஸ்.சி. பிள்ளைங்க எழுந்து நில்லுங்க." எண்ணினேன். "உட்காருங்க. எம்.பி.சி. எழுந்து நில்லுங்க." ஒரு சிறுமி முதல் தடவையில் பாதி எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியைப் பார்த்துவிட்டு, பாவாடையைச் சரிசெய்வதுபோல் மறுபடி உட்கார்ந்தாள். என் கணக்கில் ஒன்று குறைந்தது. "யாரு அது, ஒண்ணு குறையுது" என்று உரக்கக் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். அந்த வாரக் கடைசியில் தோழி வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள். பெஞ்சு மாறியதை நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

பல வருஷம் கழித்து ருவாண்டாவைப் பற்றிப் படித்தபோதுதான் யோசித்தேன். ஹுட்டு, டுட்சி இரண்டு தரப்பும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி, கும்பிடுவது ஒரே தேவாலயத்தில், குடியிருப்பது ஒரே மலைச்சரிவில். 1930களில் பெல்ஜியக் காலனி அரசு ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து, அதில் இன்ன இனம் என்று எழுதிவைத்தது. விடுதலைக்குப் பிறகும் அட்டை மாறவில்லை. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் டுட்சிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணியதை உயிர் தப்பியவர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தாங்கள் எந்த இனம் என்பதே சிலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டார்களாம். 1994 ஏப்ரலில் தொடங்கி நூறே நாளில் சுமார் எட்டு லட்சம் பேரைக் கொன்றபோது, சாலைக்குச் சாலை தடுப்பு வைத்து முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். அதற்குப் பிறகு அந்த நாட்டுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வரலாற்றுப் பாடமே நடத்தவில்லை. எந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது என்று யாருக்கும் துணிவில்லை.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நம் உதவித்தொகைப் பட்டியலும் அந்தப் பட்டியலும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே பள்ளிகளில் இனவாரி ஒதுக்கீடு என்பது டுட்சிகளை இவ்வளவுக்குமேல் விடாதே என்று கதவைச் சாத்துவதற்கு. இங்கே நூற்றாண்டுகளாகச் சாத்திய கதவைத் திறப்பதற்கு. பட்டியலே வேண்டாம், எல்லோரும் ஒன்று என்று சொல்லி இடஒதுக்கீட்டுக்கு வேட்டு வைக்கிறவர்களுக்கு என் கதை பயன்பட்டுவிடக் கூடாது. பட்டியல் அலமாரியில் பூட்டியிருக்கட்டும், பிள்ளையின் முகத்தில் ஒட்டவேண்டியதில்லை என்பதே நான் சொல்வது. கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. வகுப்பில் கேட்கவேண்டிய அவசியமே கிடையாது.

ருவாண்டாவில் அடையாள அட்டைக்கு அடுத்தபடி வேலை செய்தது வானொலி. 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். நிலையம் துள்ளலான பாட்டு, நகைச்சுவை, தெருப்பேச்சு என்று இளவட்டங்களுக்குப் பிடித்தமாதிரி நடந்தது. பாட்டுக்கு நடுவில் டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கரப்பானை நசுக்குகிறவன் கைகூசுவதில்லை அல்லவா? இந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பில் நடத்தினால் பிள்ளைகளே ரீல்ஸுக்கு வந்துவிடுவார்கள். பாட்டு, பைக், அரிவாள், சாதிப் பெயர், கீழே சிங்கமோ புலியோ. நாம் அறிவுரையைத் தொடங்கினால் போனை ஒளித்துவிடுவார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: இந்தப் பாட்டு ஒரு ஆளைத் திட்டுகிறதா, ஒரு கூட்டத்தையே திட்டுகிறதா? பட்டப்பெயர் வைப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எனக்கு வைத்த பெயரை இங்கே சொல்ல முடியாது. ஒருவனுக்கு வைக்கும் பட்டப்பெயருக்கும் ஒரு தெருவுக்கே வைக்கும் பெயருக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது. இனப்படுகொலை என்று நாம் எழுதுவதில் 'கொலை' முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944இல் இதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்தது அதைவிட அகலமானது. குடும்பத்தில் 49 பேரைப் பறிகொடுத்த மனிதர் அவர். உடன்படிக்கையைப் பாருங்கள்: ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதில் பிள்ளை பிறக்காமல் தடுப்பதும், பிள்ளைகளைப் பிடுங்கி வேறு இனத்தாரிடம் கொடுப்பதும்கூட இனப்படுகொலையில் அடங்கும். ஈழத்தவர்கள் 'இனவழிப்பு' என்கிறார்களே, அது இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். அதேபோல் எல்லாக் கொடுமைக்கும் இந்தச் சொல்லைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை எட்டாம் வகுப்பில் கட்டாயம் சொல்லவேண்டும். அதற்கு இந்தச் சொல் வேண்டியதில்லை, கீழ்வெண்மணி என்ற பெயரே போதும்.

ஈழத்தில் நடந்தது என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காத வருஷமே எனக்கு இருந்ததில்லை. மழுப்பாதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடிப் போயின என்று சொல்லுங்கள். பட்டியல் பாடம் அவர்களுக்கு அப்படியே பொருந்தி விளங்கும். முள்ளிவாய்க்காலையும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை இருந்தால் அவன் பக்கம் திரும்பி "உங்க வீட்ல சொல்லுவாங்களேப்பா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் அங்கே படிக்க வந்திருக்கிறான், சாட்சி சொல்ல அல்ல. பாபாசாகேப் பற்றிய பாடத்தில் எந்தப் பிள்ளையின் பக்கம் நம் கண் தானாகப் போகிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பாகுபாட்டை நடித்துப் பார்க்கும் விளையாட்டு பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, முதலில் இவர்கள் உசத்தி, பிறகு அவர்கள் உசத்தி என்று நடத்தினார். புகழ்பெற்ற பாடம்தான். அவர் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவமானம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாராவது காட்டவேண்டியிருந்தது. நம் வகுப்பில் பாதிப்பேர் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பள்ளியிலும் அதையே ஏன் நடிக்கச் சொல்லவேண்டும்? வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை அருங்காட்சியகமும் இப்படி நடித்துக்காட்டும் பயிற்சி வேண்டாம் என்றுதான் ஆசிரியர்களுக்குச் சொல்கிறது.

'சகிப்புத்தன்மை' என்ற தலைப்பையும் முடிந்தால் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஒருமுறை எழுதினேன். "கொசுக்கடிய சகிச்சுக்கிற மாதிரியா சார்?" என்று கேட்டாள் ஒரு பெண். அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் வெறும் தேதியை மட்டும் விட்டுவைத்தேன்.

போர்ஷன் முடிக்கவேண்டும், நேரம் எங்கே என்பீர்கள். நான்கு பீரியடு போதும். பெஞ்சும் பூனையும் ஒன்று, அடையாள அட்டை ஒன்று, வானொலி ஒன்று. நான்காவதை நியாங்கேவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ருவாண்டாவின் மேற்குப் பகுதியில் உள்ள ஊர். படுகொலை முடிந்து மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 1997 மார்ச் 18 இரவு, விடுதிப் பிள்ளைகள் வகுப்பறையில் படித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கியோடு கும்பல் நுழைந்தது. ஹுட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றது. பிள்ளைகள் பிரியவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர்கள் என்றார்கள். கும்பல் சுட்டது, குண்டு வீசியது. ஆறு பேர் அங்கேயே செத்தார்கள், பலருக்குக் காயம். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இன்றைக்கு அந்த நாடு அவர்களைத் தேசிய வீரர்கள் வரிசையில் வைத்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஏழாம் வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது மதியச் சாப்பாட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஒருத்தி கேட்டாள், அவங்க எத்தனாவது படிச்சாங்க என்று. நம்ம கணக்குக்குப் பதினொண்ணும் பன்னிரண்டும் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்போ நமக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு சார்" என்றாள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர்